தொழிற்சாலையில் வெட்டி வந்த தகட்டை மாமா ஏன் எட்டு மாதமாக உரசிக்கொண்டிருக்கிறார்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வாயால் திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். ரொறன்ரோவில் உங்கள் மாமா வீட்டுக் கராஜில் இரண்டு பேர் பறக்கிற சின்ன விமானம் ஒன்றைக் கட்டுகிறார். இறக்கைக்கான பாகங்கள் பெட்டியில் வந்து எட்டு மாதம். வீடியோவில் எடுக்கும்போதெல்லாம் அவர் அரமும் கையுமாக நிற்கிறார், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற தறையாணி, கராஜில் ரிவிற் என்று சொல்வது, இன்னும் ஒன்றுகூட அடித்தபாடில்லை. கொம்பனியே வெட்டி, வளைத்து, துளையும் போட்டு அனுப்பின சாமானில் இவ்வளவு வேலை என்ன, மாமா பயத்தில் இழுத்தடிக்கிறாரா என்பது கேள்வியின் முன்பாதி. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் ரெக் தொழிற்பயிற்சிக் கல்லூரியின் வாகனப் பிரிவில் படிக்கிற நீங்களும் இரண்டு நண்பர்களும் ஹார்ட்வெயாரில் வாங்கின அலுமினியத் தகட்டில் அதே வேலையைச் செய்து பார்க்கலாமா என்பது பின்பாதி. மாமா இழுத்தடிக்கவில்லை. அவர் செய்வதுதான் இறக்கை வேலை, தறையாணி அடிப்பது அதன் கடைசிக் கால்வாசி. பின்பாதிக்கு, பழகுவதற்கென்றால் ஆம், பறப்பதற்கென்றால் இல்லை.

நான் யார் என்பதையும் சொல்லவேண்டும். புதுக்குடியிருப்பில் ஒரு கராஜில் ரிங்கரிங், அதாவது வாகனத் தகடு தட்டி நேராக்குகிற வேலை பழகினவன். பிறகு கனடா போய், ரொறன்ரோவில் விமானத் தகட்டு வேலை செய்கிற ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடம் நின்றேன். இப்போது மாங்குளத்தில் இருக்கிறேன். என் அறிவு தகட்டோடு முடிகிறது. எந்த இடத்தில் எத்தனை தறையாணி, எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் வரைபடம் போட்டவரின் கணக்கு, அதில் நான் வாய் வைப்பதில்லை. எஞ்சின் பக்கமும் என்னைக் கேட்காதீர்கள்.

முதலில் அந்தத் தகடு என்ன என்று தெரியவேண்டும். உங்கள் மாமாவின் மாதிரி உலோக விமானங்களில் பெரும்பாலும் 2024-ரி3 என்ற கலப்புலோகம். அலுமினியத்தோடு நாலு சதவீதம், நாலரைச் சதவீதம் செம்பு சேர்த்து, சூடாக்கிக் குளிரவைத்து இறுக்கின தகடு. 1906இல் ஜேர்மனியில் அல்பிரெட் வில்ம் என்பவர் செம்பு சேர்ந்த அலுமினியம் சூடாக்கிக் குளிர்ந்தபின் நாளாக நாளாகத் தானே இறுகுவதைக் கண்டுபிடித்தார், அந்த வழியில் வந்த பிள்ளைதான் இது. சட்டிபானை அலுமினியத்தைவிட மூன்று நான்கு மடங்கு பலம். ஆனால் செம்பு சேர்ந்த குற்றத்துக்கு உப்புக்காற்றில் சுலபமாக அரிபடும். அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தால் மெல்லிய போர்வை போர்த்தி விற்கிறார்கள். மெல்லிய தகடுகளில் ஒரு பக்கத்துப் போர்வை மொத்தத் தடிப்பில் ஏறக்குறைய ஐந்து சதவீதம். இறக்கையின் மேல்தகடு 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீற்றர் என்றால், போர்வை 0.03 மில்லிமீற்றர். தலைமயிரில் பாதி தடிப்புக்கூட இல்லை. ஒரு மணல் துணிக்கை மேசையில் கிடந்து தகடு அதன்மேல் இழுபட்டால் போர்வை கிழிந்துவிடும். மாமா மேசையில் பழைய கம்பளம் விரித்து வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். காரணம் இதுதான்.

இனி விளிம்புக்கு வருவோம். கத்தரிக்கோலோ மெசினோ வெட்டின விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு வெடிப்பின் தொடக்கம். இறக்கை பறக்கும்போது மேலும் கீழும் வளைகிறது, எஞ்சின் நடுங்குகிறது, காற்றுக் குழிகளில் குலுங்குகிறது. ஒரு முறை வளைந்தால் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான தடவை வளையும்போது சுமை முழுக்க அந்தச் சின்னப் பல்லின் அடியில் போய்க் குவியும், அங்கே வெடிக்கத் தொடங்கும். வயல் வரம்பில் நண்டு போட்ட ஓட்டையைத் தண்ணீர் எப்படித் தேடிப் போகுமோ அப்படி. ஆகவே விளிம்பு முழுவதையும் அரத்தால் மட்டமாக்கி, மணல்தாளால் உரசி, கடைசியில் மெருகேற்றி, இரண்டு பக்க மூலையையும் ஒரு துளி உருட்டிவிட வேண்டும். இறக்கைக்குள் நின்று அதற்கு உருவம் கொடுக்கிற விலாச் சட்டங்களில் எடை குறைக்க வெட்டின பெரிய வட்டத் துளைகளின் உள்விளிம்பும், மடிப்பு மூலைகளில் இருக்கிற சின்னக் கவடுகளும் இதில் சேர்த்தி. கவடுகளைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், அரம் போகாது. வெடிப்பு தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். வேலை முடிந்ததா என்று பார்க்க எங்கள் பட்டறையில் பழைய நைலோன் காலுறையை விளிம்பில் ஓட்டுவோம். இங்கே இலவம் பஞ்சு காணும். ஒரு நார்கூட மாட்டாமல் போனால் சரி.

துளையின் கதை இன்னும் நுணுக்கமானது. உங்கள் மாமாவின் இறக்கையில் அதிகம் வருவது 3/32 அங்குலத் தறையாணி. அதற்கான துளை 0.098 அங்குலம், நாற்பதாம் நம்பர் ட்றில். துளை போட்டதும் ட்றில் வெளியே வருகிற பக்கத்தில் பிசிறு நிற்கும். மெசின் குத்தின துளையிலும் ஒரு பக்கம் நிற்கும். அதை எடுக்காமல் இரண்டு தகட்டைச் சேர்த்து அடித்தால் நடுவில் பிசிறு தாங்கிக்கொண்டு, தகடுகள் ஒன்றோடொன்று உட்காராது. தறையாணி வீங்கும்போது அந்த இடைவெளிக்குள்ளும் கொஞ்சம் வீங்கிவிடும். வெளியில் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே இணைப்பு தளர்வு. தகட்டுக்கு இரண்டு பக்கம், இணைப்புக்கு இரண்டு தகடு, ஆக ஒரு தறையாணிக்கு நாலு முறை பிசிறு எடுக்கவேண்டும். இந்த வகை விமானம் ஒன்றில் பத்தாயிரத்துக்கு மேல் தறையாணிகள். முழு விமானத்துக்கும் நாற்பதாயிரம் தடவைக்கு மேல் கை திருப்பவேண்டும். மாலையில் வேலையால் வந்து, சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் கராஜில் நிற்கிற மனிதருக்கு எட்டு மாதம் அதிகமா?

இதில் கூடச் செய்வதும் பிழை. அதை நான் காசு கொடுத்துப் படித்தேன். பட்டறையில் சேர்ந்த முதல் மாதம், கையால் திருப்புகிற சின்னக் கருவியை வைத்துவிட்டு, துளையின் வாயைக் கூம்பாகக் குடைகிற பெரிய கவுண்டர்சிங் அலகை பற்றறி ட்றில்லில் போட்டு ஒரு பலகத்தை அரைமணியில் முடித்துவிட்டேன். பெருமையாக இருந்தது. எங்கள் தலைமை வேலைக்காரர் ஒரு வயதான போலந்துக்காரர். வந்தார், விளக்கைச் சாய்த்துப் பிடித்தார், ஒன்றும் பேசாமல் மாக்கரால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். பதினாலு வட்டம். அந்தப் பதினாலு துளையிலும் நான் பிசிறோடு தகட்டையும் தின்றிருந்தேன், துளையின் விளிம்பு கத்திமுனை மாதிரி மெலிந்துவிட்டது. பலகம் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று, அதுவும் விரல் கனத்தில். பிறகு நகத்தால் தடவிப் பார்ப்பது. நகம் தட்டக்கூடாது, கண்ணுக்குப் பள்ளமும் தெரியக்கூடாது.

கத்திமுனை என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விரிக்கவேண்டும். காற்றுக்குத் தடையில்லாமல் இருக்க மேல்தகட்டில் தறையாணித் தலை தகட்டோடு மட்டமாக இருக்கவேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, துளையைச் சுற்றிக் கூம்பாகக் குடைவது. மற்றது, ஆண் பெண் அச்சு இரண்டுக்கு நடுவில் தகட்டை வைத்து அமத்தி 100 பாகையில் குழி விழுத்துவது, டிம்பிள் என்பார்கள். ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றரைவிட மெல்லிய தகட்டைக் குடையக்கூடாது, குடைவு அடிப்பக்கம் வரை போய் விளிம்பு கத்தியாகிவிடும். 1988 ஏப்ரல் 28ஆம் தேதி ஹவாயில் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் முன்கூரை நடுவானில் பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் இறந்தார், விமானம் எப்படியோ தரையிறங்கியது. 89,680 தடவை ஏறி இறங்கின விமானம், எந்நேரமும் கடற்காற்று. இரண்டு தகட்டை ஒட்டியிருந்த பசை அரிப்பில் விட்டுப்போக, சுமை முழுவதும் தறையாணிகளில் ஏறியது. அங்கே மேல்தகட்டின் முழுத் தடிப்புக்கும் குடைந்திருந்ததால் துளை விளிம்பு கத்திமுனை. வெடிப்புகள் அந்த முனைகளில் தொடங்கி, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஓடிச் சேர்ந்துவிட்டன. பராமரிப்பில் அதைக் கண்டுபிடிக்கத் தவறியதைத்தான் விசாரணை முதன்மையாகக் குற்றம் சொன்னது. ஆனால் வெடிப்பு எங்கே பிறந்தது என்பது தகட்டு வேலைக்காரன் மறக்கக்கூடாத விசயம்.

கொம்பனி போட்ட துளைதானே என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு, பழசில்லை. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் இருக்கிற வான்ஸ் நிறுவனம் இந்த மாதிரிப் பொதிகளை விற்பதில் பெரிய பெயர். ஓடர் பெருகினதால் குத்து மெசினுக்குப் பதிலாக சில பாகங்களை லேசரால் வெட்டிக் கொடுத்தார்கள். லேசர் ஒரு துளையைச் சுற்றி முடிக்கிற இடத்தில் மிகச் சின்ன வடு நின்றது. கட்டுகிறவர்கள் குழி அமத்தினபோது அந்த வடுவிலிருந்து வெடிப்பு விட்டது. 2023இல் இது பெரிய பிரச்சினையாகி, பாகங்களை மாற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. அந்த வருடம் டிசம்பரில் நிறுவனம் கடன் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, இது அதற்கான காரணங்களில் ஒன்று. குழி அமத்துவது என்பது துளையின் ஓரத்தை இழுத்து விரிப்பது. ஓரம் வழவழப்பாக இருந்தால் இழுபடும், வடு இருந்தால் கிழியும். உங்கள் மாமாவுக்கு இந்தக் கதை கட்டாயம் தெரிந்திருக்கும்.

அரம் தவிர வேறு வேலையும் இருக்கிறது, விலாச் சட்டங்களை நேராக்குவது. அச்சில் அமத்தி மடித்து வருகிற விலாவின் ஓரமடிப்பு 90 பாகையில் நிற்காது, சட்டமும் வாழைப்பழம் மாதிரி வளைந்து வரும், ஏனென்றால் மடித்த பக்கத்தில் உலோகம் மிஞ்சிவிடுகிறது. ஒரு விசேடக் குறட்டால் துளைக்கும் துளைக்கும் நடுவில் சின்னச் சின்ன நெளிவு போட்டு அந்த மிச்சத்தை விழுங்கவைக்க வேண்டும். மட்டமான மேசையில் வைத்துப் பார்த்து, ஒரு நெளிவு, பார்த்து, இன்னொரு நெளிவு. துளைகள் நூல் பிடித்தமாதிரி ஒரே கோட்டில் வந்தால் போதும். இது கைப்பழக்கம், எழுதி விளங்கப்படுத்த முடியாது.

பிறகு எல்லாவற்றையும் கிளெக்கோ என்கிற சுருள்வில் ஊசிகளால் தற்காலிகமாகக் கோர்த்து, இறுதி அளவுக்குத் துளைத்து, திரும்ப முழுக்கக் கழற்றி, பிசிறு எடுத்து, குழி அமத்தி, அரிப்பைத் தடுக்கிற அடிப்பூச்சான பிறைமர் பூசி, மறுபடி கோர்த்து, அதன்பிறகுதான் அடிப்பது. வீடியோவில் நீங்கள் போன மாதம் முழு இறக்கையாகப் பார்த்தது இந்த மாதம் சிதறிக் கிடந்திருக்கும். அது பின்னடைவு இல்லை.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. பிறைமர் விசயத்தில்தான் இரண்டு பேர் கூடினால் மூன்று கருத்து. போர்வைத் தகட்டுக்கு உள்ளே ஒன்றும் பூசத் தேவையில்லை, எடைதான் கூடும் என்று ஒரு கூட்டம். உலர்ந்த ஊரில், கொட்டகைக்குள் நிற்கிற விமானத்துக்கு அவர்கள் சொல்வது பெரும்பாலும் பலித்திருக்கிறது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடத்துக்கு மட்டும் பூசு என்று இன்னொரு கூட்டம். முழுக்கப் பூசு என்று மற்றது. என் அபிப்பிராயம், உப்புக்காற்று என்றால் முழுக்கப் பூசவேண்டும். முல்லைத்தீவுக் கரையில் ஒரு கதவுப் பிணைச்சல் கறள் பிடித்து விழ எவ்வளவு காலம் எடுக்கிறது என்று பார்த்தவன் நான். அலுமினியத்துக்குக் கறள் இல்லை என்பார்கள், அது வெள்ளைத் தூளாகப் பூத்து வரும், அதுவும் மேல்தகட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மஞ்சள்பச்சை குரோமேற் பிறைமர் நன்றாகக் காக்கும், ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. இங்கே கராஜ்களில் வாயில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு ஸ்பிறே அடிப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இரண்டு கலவை எபொக்சி என்றாலும் சரியான முகமூடி வேண்டும்.

பூசுவதற்கு முன் கையுறை இல்லாமல் தொடவேண்டாம், வியர்வை உப்பு. கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி, மாரியில் ஈரம், ஆகவே வன்னியில் பிறைமர் அடிக்க நல்லது காற்று விழுந்த வெயில் காலைதான். சுரண்டுவதற்குச் சமையலறைக் கம்பிநார் ஆகாது, இரும்புத் துகள் தகட்டில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். ஸ்கொட்ச்பிரைட் மாதிரி நைலோன் நார்தான். சோடா கோஸ்டிக் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் செய்த அதே சாமான், அலுமினியத்தைக் கரைத்துவிடும். பென்சிலாலும் கோடு கீறக்கூடாது. காதில் பென்சில் செருகிப் பழகின எனக்கு இதுதான் மறக்கக் கஷ்டமாக இருந்தது. பென்சில் கரி அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் சின்ன பற்றறி மாதிரி வேலை செய்து, கோடு போட்ட இடமே அரிபடும். மாக்கர் பேனா போதும். தகட்டில் நீலப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி வந்தால் வருடக்கணக்கில் விடக்கூடாது, எங்கள் வெயிலில் பசை இறுகி, அடியில் ஈரமும் பிடிக்கும்.

இப்போது பின்பாதி. ஹார்ட்வெயார்த் தகடு கூரைக்கும் பீலிக்கும் ஆனது, என்ன கலப்பு என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது. விமானத் தகட்டில் கலப்பின் பெயரும் தடிப்பும் வரிவரியாக அச்சடித்திருக்கும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற நல்ல அலுமினியத்தையும் நம்பவேண்டாம், அது எதைத் தாங்கி எங்கே வளைந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வன்னியில் அந்தச் சாமான் சிலவேளை எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கடையில் விற்கிற பொப் ரிவிற்றும் விமானத்துக்கு ஆகாது. இன்னொன்று, நாங்கள் கராஜில் அலுமினியம் வளைக்க முதல் தீ காட்டி இளக்குவோமே, அதை 2024-ரி3இல் செய்தால் அதன் பலத்தை நீங்களே கழற்றி விட்டீர்கள். குளிரிலேயே, தடிப்பின் மூன்று நான்கு மடங்கு ஆரையில், மெதுவாக வளைக்கவேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி என்ற கையேடு இணையத்தில் இலவசம், அதன் நாலாம் அத்தியாயம் உலோக வேலைக்குத்தான். உங்கள் ஆசிரியரோடு இருந்து வாசியுங்கள்.

பறக்கிற எதுவென்றாலும் இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் கைக்குள் வரும், 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். மாமாவுக்கும் இறக்கையை மூடிவிட முதல் ஒரு பரிசோதகர் வந்து உள்ளே பார்த்துத்தான் ஒப்பம் வைப்பார். அதனால்தான் அவர் உள்ளே தெரியாத இடத்தையும் மெருகேற்றுகிறார். நீங்கள் செய்யப்போவது பயிற்சித் துண்டு, பறக்காது. இருந்தாலும் வீட்டுக் கொட்டிலுக்குள் வேண்டாம், கல்லூரிப் பட்டறையில், ஆசிரியருக்குத் தெரிய, எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். ஆகாயத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிப் பழகின சனம் நாங்கள். இங்கே ஒருவர் விமானச் செட்டை மாதிரி ஒன்றைக் கட்டினால் அயலுக்குள் கதை வேறுமாதிரிப் போகும்.

மாமாவிடம் வெட்டின மிச்சத் துண்டுகள், நாற்பதாம் நம்பர் ட்றில் அலகு ஐந்தாறு, 3/32 மட்டத்தலைத் தறையாணி நூறு, ஒரு கைக்குறடு, குழி அச்சு ஒரு சோடி கேளுங்கள். ஒரு சின்னப் பொட்டலத்துக்குள் அடங்கும். அடித்த தறையாணியின் வால் அகலம் தண்டின் ஒன்றரை மடங்கும் உயரம் பாதியும் வரவேண்டும், அதாவது 3.6 மில்லிமீற்றரும் 1.2 மில்லிமீற்றரும். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் குறைந்தது தண்டின் இரண்டு மடங்கு தள்ளி இருக்கவேண்டும். முதல் நூறில் எழுபதைத் திரும்பக் கழற்றுவீர்கள், நானும் கழற்றினேன்.

பொட்டலம் வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. ஹார்ட்வெயார்த் தகட்டில் ஒரு அங்குல அகலத்தில் நாலு கீலம் வெட்டுங்கள். இரண்டின் விளிம்பை வெட்டினபடியே விட்டு, நடுவில் குறுக்காகக் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். மற்ற இரண்டையும் பஞ்சு மாட்டாத அளவுக்கு மெருகேற்றுங்கள். வைசில் பிடித்து, நாலையும் ஒரே அளவுக்கு முன்னும் பின்னும் வளைத்து, எத்தனையாவது வளைவில் வெடிக்கிறது என்று எண்ணுங்கள். கீறலை வைசின் வாய்க்கு நேரே வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். எண்ணிக்கையை இங்கே கீழே எழுதுங்கள், மாமாவுக்கும் அனுப்புங்கள்.